மிஃமார் சினான்: ஐம்பது வயதில் கட்டடம் கட்ட வந்த சிப்பாய்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று வந்தவர்கள், மக்காவின் ஹரம் ஷரீஃபில் மதாஃபைச் சுற்றி நிற்கும் பழைய தாழ்வாரத்தைப் பார்த்திருப்பார்கள். வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு மேல் வளைவுகள், வளைவுகளுக்கு மேல் சின்னச் சின்னக் குப்பாக்கள். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் சலீம் காலத்தில் தொடங்கி, அவருடைய மகன் மூன்றாம் முராத் காலத்தில் முடிந்த வேலை அது. அந்தக் குப்பாக்கள் இடம்பெற்றிருப்பது சினான் என்பவருடைய பணிகளின் பட்டியலில். உஸ்மானிய அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ 50 ஆண்டுகள் இருந்தவர் அவர். கட்டடக் கலைஞருக்கு அரபியில் மிஃமார் என்று பெயர். அதனால் வரலாறு அவரை மிஃமார் சினான் என்றே அழைக்கிறது.

இஸ்தான்பூலின் வானத்தை நிரப்பி நிற்கும் கும்மட்டங்களைப் படத்தில் பார்த்து வியக்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அவற்றில் பலவற்றைக் கட்டியவர் அந்த வேலைக்கு வந்தபோது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதுவரை அவர் ஒரு சிப்பாய். அதற்கும் முன்பு, பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு கிராமத்துப் பிள்ளை.

அனத்தோலியாவின் நடுப்பகுதியில் கய்சேரி நகரத்துக்குப் பக்கத்தில் அகிர்னாஸ் என்றொரு கிராமம். மென்மையான எரிமலைக் கல் நிறைந்த பூமி. அந்தக் கல்லைக் குடைந்து வீடும் தொழுவமும் அமைத்து வாழ்ந்த மக்கள். அங்கே 1490ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் சினான் பிறந்தார். அக்குடும்பம் ஆர்மேனியரா கிரேக்கரா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

அன்றைய உஸ்மானிய அரசில் தேவ்ஷிர்மே என்றொரு முறை இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு அதிகாரிகள் கிறிஸ்தவக் கிராமங்களுக்கு வந்து, இத்தனை வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் உடல் வலுவும் அறிவும் உள்ள பையன்களைத் தேர்ந்தெடுத்துச் செல்வார்கள். ஒரே மகன் உள்ள வீட்டை விட்டுவிடுவது வழக்கம். கூட்டிச் சென்றவர்களுக்கு இஸ்லாமும் துருக்கி மொழியும் கற்பித்து, அரண்மனைப் பணிக்கோ ஜானிஸரி என்னும் காலாட்படைக்கோ பயிற்சி கொடுப்பார்கள். அவர்களில் பலர் பிற்காலத்தில் அமைச்சர்களாகவும் தளபதிகளாகவும் ஆனார்கள். பிரதம மந்திரிகளாக உயர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொல்லி அந்த முறையை நியாயப்படுத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜிஸ்யா செலுத்தி முஸ்லிம் ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் திம்மி மக்களின் பிள்ளையைப் பிடுங்கிச் செல்ல ஃபிக்ஹில் ஆதாரம் தேடினால் கைக்கு எதுவும் சிக்குவது கடினம். பிள்ளை மந்திரி ஆனான் என்பதால், வாசலில் நின்று அழுத தாயின் கண்ணீர் கணக்கில் இல்லாமல் போய்விடாது. உஸ்மானியர்களின் நன்மைகளை மதிப்பதற்காக அவர்களுடைய தவறுகளுக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

சுல்தான் முதலாம் சலீம் ஆட்சிக்கு வந்த 1512ஆம் ஆண்டையொட்டி இந்த முறை கய்சேரிப் பகுதிக்கும் நீண்டது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சினானும் ஒருவர். அவருக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். வழக்கமாக எடுக்கப்படும் பையன்களைவிட மூத்தவர். ஆகவே தாய், தந்தை, ஊர், மொழி எல்லாம் நினைவில் நன்றாகப் பதிந்த பிறகே அவர் ஊரை விட்டுப் போனார். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய எண்பதாவது வயதைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

இஸ்தான்பூலில் புதிய பையன்களுக்கான பாசறையில் அவர் தேர்ந்துகொண்ட கைத்தொழில் தச்சு வேலை. மரத்தை அளப்பது, இழைப்பது, பொருத்துவது. இந்த விவரங்களெல்லாம் நமக்குக் கிடைப்பது, முதுமையில் சினான் சொல்லச் சொல்ல அவருடைய நண்பர் கவிஞர் ஸாயீ முஸ்தஃபா செலபி எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளிலிருந்து. அதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். சுல்தானின் சேவையில் அரபு நாடுகளிலும் பாரசீகத்திலும் சுற்றியபோது, இடிந்து கிடந்த ஒவ்வொரு மாளிகையிடமும் ஒவ்வொரு பாழ்மண்டபத்திடமும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டதாக அவர் நினைவுகூர்கிறார். படையோடு போகிறவன் பொதுவாக எதைப் பார்ப்பான்? கொள்ளைப் பொருளைப் பார்ப்பான், உயிர் தப்பும் வழியைப் பார்ப்பான். இவர், விழுந்த சுவர் ஏன் விழுந்தது, நிற்கிற வளைவு எதனால் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்.

சலீமுக்குப் பிறகு 1520இல் அவர் மகன் சுலைமான் அரியணை ஏறினார். ஐரோப்பியர் மாட்சிமிக்கவர் என்றும், முஸ்லிம்கள் கானூனி, அதாவது சட்டம் வகுத்தவர் என்றும் அழைக்கும் சுலைமான். அவருடைய படையெடுப்புகளின் பட்டியலும் சினானின் இராணுவ வாழ்க்கையும் ஒன்றுதான். 1521இல் பெல்கிரேட், 1522இல் ரோட்ஸ் தீவு, 1526இல் ஹங்கேரியின் மொஹாச் போர்க்களம், 1529இல் வியன்னா முற்றுகை. சாதாரண ஜானிஸரியாகத் தொடங்கியவர் மொஹாச்சுக்குப் பிறகு போர்க்கருவிப் பிரிவு ஒன்றின் தலைவரானார். கோட்டை மதிலை உடைக்கும் வேலையில் இருப்பவனுக்கு ஒரு சுவரின் பலவீனம் எங்கே என்று தெரிந்தே ஆக வேண்டும். ஒரு கட்டடம் எப்படி விழும் என்ற பாடத்தை அவர் படித்தது இந்தக் களங்களில்தான்.

பாரசீக சஃபவிகளுக்கு எதிராகப் படை சென்றபோது, கிழக்கு அனத்தோலியாவிலுள்ள வான் ஏரியின் அக்கரையில் எதிரிகளின் நடமாட்டத்தை அறிய வேண்டியிருந்தது. கடலைப் போல் விரிந்த ஏரி அது. கையில் கப்பல் இல்லை. லுத்ஃபி பாஷா என்ற தளபதி இந்த வேலையைச் சினானிடம் கொடுத்தார். சினான் குறுகிய காலத்தில் மூன்று கப்பல்களைக் கட்டி, பீரங்கி பொருத்தி, தாமே அவற்றை ஓட்டிச் சென்று வேவு பார்த்துத் திரும்பினார். தச்சுப் பாசறையில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்தது.

அடுத்த வாய்ப்பு 1538இல் வந்தது. கருங்கடலுக்கு மேற்கே மொல்தாவியாவை நோக்கிச் சென்ற படை, ப்ரூத் நதிக்கரையில் முடங்கி நின்றது. கரை முழுவதும் சேறு. பாலம் போட முயன்றவர்களின் மரங்களெல்லாம் சேற்றில் அமிழ்ந்துபோயின. சுல்தானே களத்தில் இருக்கிறார்; ஆயிரக்கணக்கான வீரர்கள், குதிரைகள், பீரங்கி வண்டிகள் காத்து நிற்கின்றன. லுத்ஃபி பாஷா மறுபடியும் சினானின் பெயரைச் சொன்னார். இரண்டு வாரம் முடிவதற்குள் பாலம் தயாராகிவிட்டது. படை அதன் மேல் நடந்து அக்கரை சேர்ந்தது.

அந்தப் பாலம்தான் அவருடைய வாழ்க்கையையே திருப்பியது. தலைமைக் கட்டடக் கலைஞர் இறந்து பதவி காலியானபோது, 1539இல் பிரதம மந்திரியாகியிருந்த லுத்ஃபி பாஷா இவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்றார். சினானுக்கு உடனே மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை ஆண்டுகள் சேர்ந்து உயிரைப் பணயம் வைத்த தோழர்கள், படிப்படியாக ஏறிவந்த படைப்பதவி, அனைத்தையும் விட்டுவிட்டு வர வேண்டுமே என்று மனம் வருந்தினார். பிறகு, பல பள்ளிவாசல்களைக் கட்டும் வாய்ப்பு இம்மைக்கும் மறுமைக்கும் உதவும் என்று எண்ணி ஏற்றுக்கொண்டதாக அந்த நினைவுக் குறிப்பில் சொல்கிறார்.

அவருடைய கட்டடங்களை எல்லாம் இங்கே எழுதப் புகுந்தால் கட்டுரை பட்டியலாகிவிடும். பள்ளிவாசல், மத்ரஸா, மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம், ஹம்மாம், சத்திரம், பாலம், கால்வாய் என்று அவர் பெயரில் சொல்லப்படுபவை 400க்கும் மேல். அத்தனையையும் அவர் நேரில் நின்று கட்டியிருக்க முடியாது. அவர் ஒரு பெரிய அலுவலகத்தின் தலைவர். வரைபடம் இங்கிருந்து போகும், அவருடைய மாணவர்கள் போய்க் கட்டுவார்கள். சிரியாவின் ஹலப் நகரில் அவருடைய ஆரம்ப காலப் பள்ளிவாசல்களில் ஒன்றான குஸ்ரவிய்யா நான்கரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 2014இல் சிரியப் போரில் அது தரைமட்டமானது.

மூன்று பள்ளிவாசல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவரே தம் வாழ்க்கையை அளந்து பார்த்தது இந்த மூன்றைக் கொண்டுதான்.

1543இல் சுல்தான் சுலைமானின் அன்பு மகன் ஷஹ்ஸாதா மெஹ்மெத் இளம் வயதிலேயே இறந்துபோனார். மகனின் நினைவாகத் தந்தை கட்டச் சொன்னது இஸ்தான்பூலின் ஷஹ்ஸாதா பள்ளிவாசல். நடுவில் ஒரு கும்மட்டம், நான்கு பக்கமும் நான்கு அரைக் கும்மட்டங்கள். 1548இல் அது முடிந்தபோது சினானுக்கு வயது 58 இருக்கும். பிற்காலத்தில் அதைத் தம் தொழில் பழகும் காலத்து வேலை என்று சொன்னார்.

இரண்டாவது, 1550இல் தொடங்கி 1557இல் முடிந்த சுலைமானிய்யா. ஒரு குன்றின் உச்சியில், கீழே கடல் தெரிய நிற்கும் பள்ளிவாசல். கும்மட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 26.5 மீட்டர், தரையிலிருந்து உயரம் 53 மீட்டர். உள்ளே நிற்கும் நான்கு பெரிய தூண்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவையல்ல. ஒன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்தும் ஒன்று லெபனானின் பஅல்பக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்டது. மற்ற இரண்டும் இஸ்தான்பூலிலேயே கிடைத்தவை. விளக்குகளின் கரிப்புகை சுவர்களில் படியாமல், காற்றோட்டத்தின் வழியே வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் போய்ச் சேரும்படி அமைத்தார். அங்கே சேர்ந்த கரியிலிருந்து எழுதும் மை தயாரித்தார்கள். பள்ளிவாசலைச் சுற்றி மத்ரஸாக்கள், ஹதீஸ் கல்விக்கூடம், மருத்துவக் கல்விக்கூடம், மருத்துவமனை, சமையற்கூடம், விருந்தினர் விடுதி. ஒரு சிறு நகரமே அது.

இந்த வேலையின் வரவு செலவுக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. கூலிக்கு வேலை செய்த கைவினைஞர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அந்தப் பள்ளிவாசலின் கல்லைச் செதுக்கியது முஸ்லிம் கையும் கிறிஸ்தவக் கையும் சேர்ந்துதான். கணக்கேடு சொல்லும் இந்தச் செய்தி பல பெருமைப் பேச்சுகளில் விடுபட்டுப்போகிறது.

வேலை ஏழாண்டு நீண்டதால் கோள் சொல்கிறவர்கள் சுல்தானிடம் போனார்கள். கும்மட்டம் நிற்காது, அதனால்தான் சினான் நாளைக் கடத்துகிறார் என்றார்கள். சுல்தான் கோபத்தோடு நேரில் வந்து எப்போது முடியும் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றார் சினான். கேட்டவர்கள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் இரவு பகலாக வேலை நடந்து, சொன்ன தவணையில் முடிந்தது. திறப்பு நாளில் சுல்தான் சாவியைச் சினானின் கையிலேயே கொடுத்துக் கதவைத் திறக்கச் செய்தார். உலகின் பெரும் அரசர்களில் ஒருவர், கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை அது.

பள்ளிவாசல்களைப் பார்த்துவிட்டு அவருடைய தண்ணீர் வேலையை விட்டுவிடக் கூடாது. பெருகிக்கொண்டிருந்த இஸ்தான்பூலில் ஏழைகளுக்குக் குடிநீர் தட்டுப்பாடு. வடக்கே காடுகளிலுள்ள ஊற்றுகளிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டமிட்டபோது ருஸ்தம் பாஷா என்ற பிரதம மந்திரி எதிர்த்தார். தண்ணீர் தாராளமாக வந்தால் வெளியூர் ஜனங்களெல்லாம் இங்கே வந்து குவிந்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. சுல்தான் கேட்கவில்லை. 1554 முதல் பத்தாண்டுக் காலம் நடந்த அந்த வேலையில் 50 கிலோமீட்டருக்கும் அதிகமான நீர்வழி உருவானது. பள்ளத்தாக்குகளைத் தாண்ட 30க்கும் மேற்பட்ட நீர்ப்பாலங்கள். 1563இல் பெருவெள்ளம் வந்து சில பாலங்களை அடித்துச் சென்றது. சினான் சளைக்காமல் திரும்பக் கட்டினார். மக்லோவா என்ற இடத்தில் இரண்டு அடுக்கு வளைவுகளோடு 36 மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர்ப்பாலம், அவருடைய எந்தப் பள்ளிவாசலுக்கும் குறைந்ததில்லை. தெருமுனைக் குழாயில் ஒரு விதவைத் தாய் குடம் நிரப்பிச் செல்வதற்காக யாரும் பார்க்காத காட்டுப் பள்ளத்தாக்கில் இத்தனை அழகு! அது போல, போஸ்னியாவின் விஷெகிராட் ஊரில் திரினா நதியின் மேல் 11 வளைவுகளோடு அவர் அமைத்த பாலம், இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

மூன்றாவது பள்ளிவாசல், எதிர்னே நகரத்தின் ஸலீமிய்யா. 1568இல் சுல்தான் இரண்டாம் சலீமுக்காகத் தொடங்கியது. அப்போதே சினான் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அயா சோஃபியாவின் கும்மட்டத்தைப் போல ஒன்றை முஸ்லிம்களால் கட்ட முடியாது என்று சிலர் சொல்லிவந்தது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஸலீமிய்யாவில் எட்டுத் தூண்களின் மேல் 31 மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் கும்மட்டத்தை ஏற்றினார். அகலத்திலும் உயரத்திலும் அயா சோஃபியாவை மிஞ்சிவிட்டதாக நினைவுக் குறிப்பு சொல்கிறது. அகலத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். தரையிலிருந்து அளந்தால் அயா சோஃபியாவே உயரம். ஆனால் உள்ளே போய் நின்றவர்கள் சொல்வது வேறு: தூண்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ள, முழுக் கூடமும் ஒரே கும்மட்டத்தின் கீழ் ஒரே சபையாக இருக்கிறது. பல தூண்கள் நிற்கும் பழைய பள்ளிகளில் தூணுக்குப் பின்னால் ஸஃப்பில் நிற்பவருக்கு மிஹ்ராப் தெரியாது. இங்கே அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. நான்கு மினாராக்களும் 70 மீட்டருக்கு மேல். அவற்றில் இரண்டில் ஒன்றையொன்று தொடாத மும்மூன்று படிக்கட்டுகள். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏறினாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சுல்தான் சலீம் 1574 டிசம்பரில் வஃபாத்தானார். பள்ளி திறக்கப்பட்டது 1575இல். சுலைமானிய்யாவைக் கைதேர்ந்த தொழிலாளியின் வேலை என்றும், ஸலீமிய்யாவையே தாம் உஸ்தாத் ஆன பிறகு செய்த வேலை என்றும் சினான் கருதினார்.

ஸலீமிய்யா எழும்பிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. 1571இல் சைப்ரஸ் தீவு உஸ்மானியர் வசமானது. தீவில் ஆட்களைக் குடியேற்ற, அனத்தோலியாவின் பல ஊர்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து அனுப்ப அரசு உத்தரவிட்டது. கய்சேரிப் பகுதியும் அதில் சேர்ந்தது. அகிர்னாஸில் சினானின் உறவினர்கள் இன்னும் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஊரை விட்டு வந்து அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த முதியவர் சுல்தானிடம் மனுக் கொடுத்தார். தம் உறவுகளை ஊரை விட்டு அனுப்ப வேண்டாம் என்று கேட்டார். ஹிஜ்ரி 981 ரமளானில், அதாவது 1573இன் கடைசி நாட்களில், அவர்களை விட்டுவிடும்படி சுல்தானின் ஆணை கய்சேரிக்குப் போனது. அந்த ஆணை இன்றும் ஆவணமாக இருக்கிறது.

சினானின் வாழ்வில் என்னை அதிகம் தொட்டது கும்மட்டங்களைவிட இந்த ஒரு காகிதம்தான். உறவைத் துண்டிக்காமல் பேணுவதை ஸிலத்துர் ரஹ்ம் என்று மார்க்கம் சொல்கிறது. உறவினர் வேறு மார்க்கத்தில் இருந்தாலும் அந்தக் கடமை நீங்குவதில்லை. அதைப் பாடமாக ஓதிக்கொடுப்பது எளிது; அரசின் உத்தரவு ஒரு பக்கமும் அறுபது ஆண்டு இடைவெளி இன்னொரு பக்கமும் இருக்க, அதற்காக வாய் திறப்பது எளிதல்ல. தாம் பிரிக்கப்பட்டபோது தம் வீட்டாருக்காகப் பேச யாருமில்லை என்பதை அவர் நினைத்திருப்பாரோ! பிறகு தம் வக்ஃப் பத்திரத்தில், அகிர்னாஸில் தாம் அமைத்த நீரூற்றையும் அவர் சேர்த்துவைத்தார்.

சினானைப் பற்றி இணையத்தில் உலவும் சில கதைகளையும் சொல்லிவிட வேண்டும். சுல்தானின் மகள் மிஹ்ரிமாஹ் மீது அவருக்குக் காதல் என்பது பிற்காலக் கற்பனை. அந்த அம்மையாருக்காக அவர் இரண்டு பள்ளிவாசல்கள் கட்டினார் என்பது மட்டுமே உண்மை. இந்த வளைவின் கல் இத்தனை நூற்றாண்டில் தேயும், அப்போது இப்படிப் பழுது பாருங்கள் என்று அவர் எழுதிவைத்த கடிதம் ஒரு பாட்டிலில் கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கும் ஆதாரம் இல்லை. உண்மையே இவ்வளவு இருக்கும்போது பொய்க்கு என்ன அவசியம்?

முத்திரையில் தம்மை ஏழை, எளியவன் என்று பொறித்துக்கொண்ட அவர், கடைசிவரை பதவியில் இருந்தபடியே 1588இல் வஃபாத்தானார். ஹிஜ்ரிக் கணக்கில் அப்போது வயது ஏறத்தாழ நூறு. அவருடைய மாணவர்களில் மெஹ்மெத் ஆகா பின்னர் நீலப் பள்ளிவாசல் என்று உலகம் அழைக்கும் சுல்தான் அஹ்மத் பள்ளியைக் கட்டினார்.

சுலைமானிய்யாவின் மதிலுக்கு வெளியே, இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் ஒரு சிறிய முக்கோண நிலம். தம் கப்ருக்காக அந்த இடத்தை அவரே தேர்ந்துகொண்டார். சுல்தான்களின் கப்ருகளுக்கு மேல் கும்மட்டம் எழுப்பியவருடைய கப்ரு, திறந்த தூண்களின் மேல் நிற்கும் ஒரு சிறு கூரைக்குக் கீழே இருக்கிறது. முனையில், வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்க ஒரு ஸபீல். கல்வெட்டு வரிகளை எழுதியவரும் அதே நண்பர் ஸாயீ முஸ்தஃபாதான். இஸ்தான்பூலுக்கு மேற்கே பியூக்செக்மெஜேயில் அவர் கட்டிய நீண்ட பாலத்தை அதில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

1935இல், சினான் எந்த இனத்தவர் என்று அளந்து பார்க்க அந்தக் கப்ரைத் தோண்டி மண்டையோட்டை எடுத்தார்கள். அது திரும்பக் கப்ருக்கு வந்து சேரவில்லை. இப்போது எங்கே இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியவில்லை.